அந்த ஆளுக்கு விழத் தெரியல

மகனே,

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அடுத்த அறையில் படுத்திருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவன் இந்தச் சங்கரன்கோவிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். நீயும் நானும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நான் சாப்பிட உட்கார்ந்தால் நீ எழுந்து போகிறாய். நீ உட்கார்ந்தால் எனக்குப் பசி இல்லாமல் போகிறது. உன் அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டு, தனித்தனியாகத் திட்டி அலுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை நீ ரயிலேறிவிடுவாய். மதுரைப் பக்கத்து மில்லில் தொழிலாளர்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் உத்தியோகம். சந்தோஷம். அதற்கு முன்னால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இத்தனை நாளும் பாயில் நான் எறிந்து நீ விழுந்தாயா, இல்லை நீயாகவே விழுந்தாயா? வாயால் கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்வாய். நீ என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை நீ தினமும் திறக்கிற டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே வைக்கப்போகிறேன். உனக்கு முன்னால் உன் அம்மா எடுத்துப் படிப்பாள் என்பதும் தெரியும். படிக்கட்டும், அவளுக்கும் இதில் பங்கு உண்டு. நீ படித்த பிறகு நம் ஜூடோ சங்கத்தில் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்து வைக்கிற வேலையெல்லாம் நீங்கள் செய்தது, நான் செய்ததில்லை.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்று ஊரில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். கடைக்குப் புண்ணாக்கு மூட்டை வந்தால் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்க்காமல் இறக்கவிடமாட்டேன். உனக்குப் பெண் பார்க்க வந்த தரகர் பெண் வீட்டாரை ஒரு மூச்சுக்குப் புகழ்ந்தால் கேட்டுக்கொள்வேன், காப்பி குடித்துவிட்டு மறுபடியும் புகழ்ந்ததால்தான் அந்தச் சம்பந்தத்தையே நிறுத்தினேன். உனக்கு அதில் வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் குணம் எனக்கு இந்த ஊரில் வந்ததில்லை. பினாங்கில் வந்தது.

அங்கே நான் ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், எதிர்த்த வரிசையில் ஒரு ஜப்பான்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் பின்னால் பாய் விரித்து, எங்களைப் போன்ற கடைச் சிப்பந்திகளுக்கும் சில சீனப் பையன்களுக்கும் ஜிஜூட்சு, இப்போது நீங்கள் ஜூடோ என்கிறீர்களே அது, சொல்லிக்கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அப்போது எனக்கு இந்தக் குணம் இல்லை, ஏன் வாங்கமாட்டேன் என்கிறார் என்று யோசிக்கவில்லை. முதலில் மாதக்கணக்காக விழுவது மட்டும்தான் பாடம். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள், மூச்சை வெளியே விடு, முதுகு தரையைத் தொடுகிற அதே நேரத்தில் கையால் பாயை ஓங்கி அடி. உனக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே பாடம். வகுப்பு முடிகிற நேரத்தில் அவர் எங்கள் முன்னால் வந்து நிற்பார். ஒவ்வொருவரும் அவரை எறிய வேண்டும். மரியாதைக்காக மெதுவாகச் செய்தால் தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே நிற்பார், விழமாட்டார். கடை மூடுகிற நேரம் ஆனாலும் நிற்பார். சரியாகச் செய்தால் சக்கரமாகச் சுழன்று போய் விழுந்து, எழுந்திருக்கும்போது சிரிப்பார்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான் பட்டாளம் தீவுக்குள் வந்து சில நாட்களுக்குள் அவரைத் தெருவில் பார்த்தேன். தலையில் ஆபீசர் தொப்பி, இடுப்பில் வாள். கல்யாணப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அத்தனை வருஷமும் துறைமுகத்தையும் பாலத்தையும் அல்லவா எடுத்து அனுப்பியிருக்கிறார். என்னைப் பார்த்தார், தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு நல்ல காரியம் சொல்லிக்கொடுத்த மனுஷன் ஒற்றனாக இருந்தால், அதற்குப் பிறகு பால்காரனை மட்டும் எப்படி நம்புவது? அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, பருத்திக்கொட்டைக் கடை போட்டு, கொஞ்சம் நிலைகொண்ட பிறகு சங்கம் ஆரம்பித்தது உனக்கே ஞாபகம் இருக்கும். பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் பின்பாதி. வைக்கோலைப் பரப்பி, மேலே பழைய லாரிப் படுதாவை இழுத்துக் கட்டினோம். பிடித்து இழுத்தால் கிழியாத சட்டை வேண்டும் என்று ஜமுக்காளத் துணியில் தைத்தோம். ‘ஜமுக்காளத்தை உடுத்திக்கிட்டுக் கட்டிப் புரளுதானுவ’ என்று தெருவே சிரித்தது. சப்பான் குஸ்தி என்று பெயரும் வைத்தார்கள். செங்கொடிக்காரர்களைச் சர்க்கார் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சந்தேகத்தில் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து பஞ்சுப் பொதிமேல் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, “என்ன வே, எல்லாருமா விழுதீரு, எந்திரிக்கீரு. சண்டை எப்பதான் போடுவீரு?” என்று கேட்டார். அடுத்த வாரம் அவரே சேர்ந்துகொள்கிறேன் என்று வந்தபோது நான் சும்மா விட்டேனா? மாற்றலாகிப் போகிறவரைக்கும் அவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒன்றை மட்டும் பினாங்கிலிருந்து நான் கொண்டுவரவில்லை. கடைசியில் ஆசானை எறிகிற அந்த வழக்கம். சங்கம் தொடங்கிய அன்றே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் காலில் விழுந்தார்கள். “என்னைத் தூக்கிப் போடுங்கலே” என்று சொல்லிப் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “ஆசான் மேல கை வைக்கலாமா அண்ணாச்சி, பாவம்லா?” என்றார்கள். நானும் யோசித்தேன். பருத்திக்கொட்டைக் கடைக்காரரை நெசவு வீட்டுப் பையன் மல்லாத்திப் போட்டான் என்று மறுநாள் ரத வீதியில் பேச்சு வந்தால், அதற்கு மறுநாள் யார் வருவார்? சரி, இந்த ஊருக்கு இதுதான் வழக்கம் என்று விட்டுவிட்டேன். நான் எல்லோரையும் எறிந்தேன், என்னை யாரும் எறியவில்லை. சௌகரியமாகத்தான் இருந்தது.

இப்போது மாடசாமி விஷயத்துக்கு வருகிறேன். வாசுதேவநல்லூர் பஸ் கண்டக்டர் மாடசாமி சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்த ஆள். சேர்ந்தவர்களிலேயே என்னை அதிகமாக நம்பிய ஆளும் அவன்தான். வண்டியை நிறுத்திய இடத்தில்கூட டிக்கெட் பையோடு இடுப்பைத் திருப்பிப் பழகுவான் என்று டிரைவர் சொல்லிச் சிரிப்பார். கோவில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், கூட்டம் இன்னும் வடியவில்லை. டிக்கெட் எடுக்கமாட்டேன் என்று தகராறு செய்த ஒரு தடியன் இவன் சட்டையைப் பிடித்திருக்கிறான். இவன் நான் சொல்லிக்கொடுத்த இடுப்பு எறிதலைப் போட்டிருக்கிறான். அந்த ஆள் உரல் மாதிரி அசையாமல் நின்றிருக்கிறான். நின்றவன் ஒரு தள்ளுத் தள்ள, மாடசாமி படிக்கட்டிலிருந்து ரோட்டில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. விழுந்த விதம் நன்றாக இருந்ததால் தலை பிழைத்தது என்று வைத்தியர் சொன்னாராம். நான் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையோடு எழுந்து நிற்கப் பார்த்தான். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி அவன் சொன்னான்: “நான் சரியாத்தான் செஞ்சேன் அண்ணாச்சி. ஒங்க மேல தப்பே இல்ல. அந்த ஆளுக்கு விழத் தெரியல.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இந்த வார்த்தை என் காதில் இருந்தது. விழத் தெரியாதவனை விழ வைப்பதற்குத்தானே இந்த வித்தை. விழத் தெரிந்தவன் மட்டும்தான் விழுவான் என்றால் அது என்ன எறிதல்? மாடசாமி பொய் சொல்கிற ஆள் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தான். அப்படியானால் நான் சொல்லிக்கொடுத்தது என்ன? அன்று சாயங்காலத்திலிருந்து நான் உங்கள் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். எறியப்பட்டவனுக்குத் தான் எப்போது தரைக்கு வருவோம் என்று தெரியாது, அதனால் முதுகும் கையும் சேர்ந்துதான் பாயில் விழும். ஒரே சத்தம் கேட்கும். தானாக விழுகிறவனுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும், அதனால் கை முந்திக்கொள்ளும். கையின் சத்தம் ஒன்று, முதுகின் சத்தம் ஒன்று. நான் எறியும்போதெல்லாம் எனக்கு இரண்டு சத்தம் கேட்டது.

நாம் பேச்சை நிறுத்திய அந்த வெள்ளிக்கிழமை நான் செய்தது என்னவென்று இப்போது சொல்லுகிறேன். நெசவுக்காரச் சண்முகத்தை முதலில் கூப்பிட்டேன். கழுத்துப்பட்டையைப் பிடித்தேன், திரும்பினேன், ஆனால் இடுப்பை அவன் பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை. நடுவில் ஒரு மூட்டை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. கொடியில் காய்கிற துண்டை எடுக்கிற மாதிரி அவன் கையை லேசாக இழுத்தேன். அவ்வளவு உயரமான பையன், ஆகாயத்தில் பறந்து போய்ப் படாரென்று விழுந்து, எழுந்து கும்பிட்டான். அடுத்தவனைக் கூப்பிட்டேன். அவனும் பறந்தான். மூன்றாவது ஆளை நான் இழுக்கவே இல்லை, திரும்ப மட்டும் செய்தேன், அவனும் போய் விழுந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கடைசியாக உன்னைக் கூப்பிட்டேன். நீ நிற்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஊர் முழுக்கப் பொய்யாக விழட்டும், என் பிள்ளை நிற்பான் என்று நினைத்துத்தான் உன்னைக் கடைசியாக வைத்திருந்தேன். நீதான் எல்லோரையும்விட அழகாக விழுந்தாய்.

பாயைச் சுருட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் உன் அம்மாவிடம் கேட்டேன். கேட்ட உடனே ஒத்துக்கொண்டாள், அவளுக்கு என்னிடம் என்ன பயம்? “நாந்தான் சொன்னேன். அதுக்கு என்ன இப்ப? போன கோடையில இடுப்பு புடிச்சுக் கெடந்தீகளே, அப்ப யாரு தூக்கி உக்கார வச்சா? அந்தப் பயலுகளா? ‘அவுக தொட்டதும் விழுந்துருங்கப்பா, முரண்டு புடிச்சு நிக்காதீக’ன்னு ஒருத்தன் விடாமச் சொன்னேன். கோயில் புத்துமண்ணு பூசிப் பூசி ஒக்காத்தி வச்ச இடுப்பு இன்னொரு தடவ தாங்குமா?” என்றாள். மாடசாமியிடமும் சொன்னாயா என்று கேட்டேன். “அவன் அதுக்கப்புறம் வந்தவன்லா. அவனுக்கு யாரும் சொல்லல” என்றாள்.

விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இடுப்பு பிடித்ததிலிருந்து என் முழங்கால் பழையபடி மடங்கவில்லை. எதிராளியின் இடுப்புக் கயிற்றுக்குக் கீழே போக வேண்டிய என் இடுப்பு, பாதியிலேயே நின்றுவிட்டிருக்கிறது. நீங்கள் விழுந்துவிட்டதால் எனக்கு அது தெரியவில்லை. மாடசாமி அந்தப் பாதியைத்தான் முழுசு என்று பார்த்துக் கற்றிருக்கிறான். அவன் செய்து பார்க்கும்போது எதிரே நின்றவர்களும் விழுந்திருக்கிறார்கள். விழாமல் நின்றால் ஆசான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று ஆகிவிடுமே. இப்படி எல்லோரும் மரியாதையாக விழுந்து விழுந்து, அந்த ஒரு பையனை நடுரோட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டீர்கள். நீ வந்ததும் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? “விழுந்தா என்னப்பா இப்ப? எங்களுக்கு வலிக்கவா செய்யுது?” என்றாய். அதற்குப் பிறகுதான் நான் உன்னோடு பேசவில்லை.

வலிக்காது என்று எனக்குத் தெரியாதா? வலிக்காமல் விழச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. இந்த ஒரு வாரமாக நான் பழையதையெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் தாசில்தார் முன்னால் ஒரு குஸ்திக்காரனைத் தூக்கிப் போட்டேனே, அவனிடமும் உன் அம்மா ஏதாவது சொல்லியிருப்பாளோ? இடுப்பு பிடிப்பதற்கு முந்தியே நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்களோ? எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. கடையில் யாராவது “அண்ணாச்சி ஒடம்பு இரும்புலா” என்று சொன்னால் முன்பெல்லாம் மீசையைத் தடவிக்கொள்வேன். இப்போது அவன் கையைப் பார்க்கிறேன். அந்தப் போட்டோக்காரர் ஊரையே ஏமாற்றியவர். ஆனால் பாயில் ஒரு நாளும் என்னிடம் பொய்யாக விழுந்ததில்லை. நீ வேறு எதிலும் பொய் சொல்லாத பிள்ளை. பாயில் மட்டும் சொல்லிவிட்டாய். உங்கள் இருவரில் யாரை நான் நம்புவது?

மில்லில் உனக்குக் கீழே பல பேர் பழகப் போகிறார்கள். அவர்களில் எவனாவது ஒருவன் மாடசாமி மாதிரி உன்னை நம்பி ரோட்டில் போய் நிற்பான், அவன் எதிரே நிற்கிறவனுக்கு விழத் தெரியாது. அதனால் அப்பன் சொல்லுகிற இந்த நாலு வார்த்தையைக் கேட்டுக்கொள். முதல் நாளே அவர்களை உன் காலில் விழவிடாதே, காலில் விழுந்தவன் பிறகு உன்னைத் தூக்கிப் போடமாட்டான். ஒவ்வொரு வகுப்பிலும் அவர்கள் உன்னை எறியட்டும், மெதுவாகச் செய்தால் நில். புதிதாக வந்தவனைக் கூப்பிட்டு, ஒன்றுமே சொல்லாமல் அவனிடம் உன் வித்தையைப் போட்டுப் பார், பழகினவன் விழுந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதே. சத்தத்தைக் கேள், ஒன்றா இரண்டா என்று. மில் மேனேஜர் வாடகை இல்லாமல் அறை தருகிறேன் என்றால் ஏன் என்று கேள். இதற்கும் ஜூடோவுக்கும் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் கேள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் நானும் பொய்யனாகிவிடுவேன். நான் பினாங்கிலிருந்து வந்தபோது உனக்குப் பத்து வயது. கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போன உன்னை அன்றுதான் பார்க்கிறேன். “யாரும்மா இந்த ஆளு?” என்று கேட்டுக்கொண்டு உன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனாய். நாள் கணக்காக என் பக்கத்தில் வரவில்லை. நான் கொடுத்த பிஸ்கோத்தைக்கூட மாட்டுக்குப் போட்டாய். உன் சந்தேகத்தைப் பார்த்து, இவன் என் பிள்ளைதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு நாள் கொல்லையில் வைக்கோல் பக்கமாக நின்றுகொண்டு, “ஏலே, என் சட்டையைப் புடிச்சுக் கீழ தள்ளு பாப்போம்” என்றேன். நீ முறைத்துக்கொண்டே வந்து தள்ளினாய். நான் மூன்று கரணம் போட்டுப் போய் வைக்கோலில் விழுந்தேன். நீ சிரித்தாய். அன்று ராத்திரிதான் முதல் தடவையாக என் பக்கத்தில் படுத்தாய். மறுநாள் தெரு முழுக்க, “எங்க அப்பாவ நான் தூக்கிப் போட்டுட்டேன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இந்த வாரம் அதையும் கிளறினேன். பத்து வயதுப் பையன் தள்ளி என் மாதிரி ஆள் மூன்று கரணம் போடுவானா? அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிஸ்கோத்தையே மோந்து பார்த்து மாட்டுக்குப் போட்டவன் நீ. தெரிந்துதான் சிரித்திருக்கிறாய் என்று இப்போது சந்தேகப்படுகிறேன். நான் உனக்காக விழுந்தேன், நீ எனக்காகச் சிரித்தாய். இந்தச் சந்தேகம் ஒன்றுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் இதை மட்டும் விசாரிக்கப் போவதில்லை.

ஆனால் மாடசாமிக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கிட்டங்கியில் பாய் விரித்திருக்கும். அவனைக் கட்டோடு வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். சண்முகமும் மற்றவர்களும் வருவார்கள். உன் அம்மா வந்தால் வாசலோடு நிற்கட்டும், யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. முதலில் நான் உன் கழுத்துப்பட்டையைப் பிடிப்பேன். என்னால் முடிந்த மட்டும் செய்வேன். நீ நிற்க முடிந்தால் நில். நின்றுவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது, என் எறிதல் எதுவரைக்கும் இருக்கிறது என்று அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள், மாடசாமியும் பார்ப்பான். அதற்குப் பிறகு உன் முறை. என் சட்டையைப் பிடி. இடுப்பை என் கயிற்றுக்குக் கீழே இறக்கு, இழு, எறி. முழுசாகச் செய்து காட்டு. என் இடுப்பைப் பற்றி யோசிக்காதே, எனக்கு விழத் தெரியும். நீ பாவம் பார்த்து மெதுவாகச் செய்தால் நான் தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே நிற்பேன். நீ ஒழுங்காக எறிகிறவரைக்கும் நிற்பேன், செவ்வாய்க்கிழமை ரயில் உன்னை விட்டுவிட்டுப் போனாலும் சரி.

உன் அப்பா